கியர் எண் தவறினால் உடனே மீட்டரை மாற்றாதீர்கள்

வண்டி மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருக்கிறது. மீட்டர் ஐந்து என்கிறது. இல்லையென்றால் எண்ணே வருவதில்லை, அதன் இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் வந்து வந்து போகிறது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும். ‘அது சும்மா காட்டுறதுதான் சார், வண்டி ஓடுதுல்ல, விட்டுடுங்க’ என்பது ஒன்று. ‘மீட்டர் போயிடுச்சு, மாத்தணும்’ என்பது இன்னொன்று. முதல் பதிலை நம்பினால் ஆபத்துக்கு இடம் உண்டு. இரண்டாவதை நம்பினால் பெரும்பாலும் பணம் வீண்.

மீட்டர் என்பது வண்டியிலேயே விலை கூடிய மின்பொருட்களில் ஒன்று. அதை மாற்றினால் ஓடிய கிலோமீட்டர் கணக்கு பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நாளை வண்டியை விற்கப் போகும்போது அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். இவ்வளவும் செய்த பிறகு, புது மீட்டரிலும் அதே ஐந்து வந்து நின்றால் மனிதருக்கு எப்படி இருக்கும்? ஆனால் அப்படித்தான் நடக்கிறது. ஏனென்றால் இந்தக் கோளாறில் மீட்டர் குற்றவாளியாக இருப்பது அபூர்வம். வந்த செய்தியை அது அப்படியே காட்டுகிறது. செய்தி எங்கே கெட்டது என்று பின்னோக்கித் தேடுவதுதான் வேலை. எண் எப்போது தவறுகிறது, எந்தக் கியரில் தவறுகிறது, தவறும்போது என்ன காட்டுகிறது என்பதை ஒரு வாரம் கவனித்து எழுதி வைத்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும்.

செய்தி புறப்படும் இடம் கியர்பாக்ஸ். அதற்குள் ஷிஃப்ட் டிரம் என்று ஓர் இரும்பு உருளை உண்டு. அதன் மேல் வளைந்து ஓடும் பள்ளங்களில் ஃபோர்க்குகளின் முளைகள் உட்கார்ந்திருக்கும். நீங்கள் லிவரை மிதிக்கும்போது டிரம் ஓர் அளவு சுழலும். பள்ளத்தின் வளைவு ஃபோர்க்கைத் தள்ளும். ஃபோர்க் பல்சக்கரத்தை நகர்த்தும். பெரும்பாலான ஆறு கியர் வண்டிகளில் ஒரு கியரிலிருந்து அடுத்ததற்கு டிரம் திரும்புவது ஏறத்தாழ 60 டிகிரி. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே, அரைத் திருப்பத்தில், நியூட்ரல். ஆக, டிரம் எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதுதான் கியர். அந்த டிரம்மின் நுனியில் பொருத்தப்பட்ட சென்சார் கோணத்தைப் படித்து ஒயர் வழியே மேலே சொல்கிறது.

இந்தச் சென்சாரை வைத்த இடத்தைப் பாருங்கள். பல வண்டிகளில் அது என்ஜினின் இடது பக்கத்தில், முன் ஸ்ப்ராக்கெட் மூடிக்கு உள்ளே இருக்கிறது. செயினுக்கு அடிக்கும் ஆயில் அங்கேதான் தெறிக்கும். சாலை மண் அந்த ஆயிலில் ஒட்டிக் கறுப்புக் களியாகச் சேரும். வாட்டர் சர்வீஸில் அழுத்தத்தோடு அடிக்கும் தண்ணீர் நேராக அந்தச் சந்துக்குள்தான் போகும். ஒரு மின்பொருளுக்கு வண்டியில் இதைவிட மோசமான இடம் கிடைக்காது. ஆனால் டிரம்மின் நுனி அங்கே இருப்பதால் வேறு வழியும் இல்லை.

கோணத்தைப் படிக்கும் முறை எல்லா வண்டியிலும் ஒன்றல்ல. உங்கள் வண்டி எந்த முறை என்று தெரியாமல் சோதனையில் இறங்கக் கூடாது.

பழைய முறை, ஒவ்வொரு கியருக்கும் ஓர் ஒயர். 1970களில் சுசுகியின் ஜிடி750, ஜிஎஸ்750 போன்ற பெரிய வண்டிகளில் கியர் எண் காட்டும் பழக்கம் பரவியபோது இந்த வழிதான் கைகொடுத்தது. டிரம்மோடு சுழலும் ஒரு முளை, அந்தந்தக் கியரின் செம்புத் தகட்டைத் தொட்டு அந்த ஒயரை என்ஜின் உடம்போடு எர்த் செய்யும். மேலே அந்த எண் எரியும். நியூட்ரல் விளக்கு பல வண்டிகளில் இன்றைக்கும் இப்படித்தான் எரிகிறது. இந்த முறையில் கோளாறு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். நான்கு மட்டும் வரவில்லை, மற்றதெல்லாம் சரி என்றால் நான்காம் கியரின் தகடோ அதன் ஒயரோதான் முதலில் சந்தேகத்துக்குரியது. மீட்டரை உடனே நினைக்க வேண்டாம்.

பிறகு வந்தது ஒற்றைச் சிக்னல் ஒயர் முறை. சென்சாருக்குள் ஒவ்வொரு கியருக்கும் வேறு வேறு அளவு மின்தடை இருக்கும். எந்தத் தடை வழியாக மின்சாரம் போகிறதோ அதற்கேற்ப ஒயரில் வோல்டேஜ் மாறும். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் என்ஜினின் கணினிப் பெட்டியான ஈசியூ அந்த வோல்டேஜைப் படித்து கியர் எண்ணாக மாற்றுகிறது. இங்கே அழுக்கு செய்யும் வேலை வேறு மாதிரி. தொடும் முனையில் படிந்த அழுக்கும் ஒரு மின்தடைதான். சென்சாரின் தடையோடு அதுவும் கூடிக்கொள்ள, வோல்டேஜ் கொஞ்சம் நகர்ந்து பக்கத்துக் கியரின் எல்லைக்குள் விழுந்துவிடுகிறது. மூன்றில் ஓடும்போது நான்கு காட்டுவது இதனால்தான். தொடர்பு அடியோடு அறுந்தால் கோடு வரும், அல்லது எந்தக் கியரிலும் ஒரே எண் நிற்கும்.

சில வண்டிகளில் தொடும் முனையே கிடையாது. டிரம்மின் நுனியில் ஒரு சிறு காந்தம், எதிரே அதை உணரும் சென்சார். தேய்மானம் இல்லை என்பதால் இவற்றில் கோளாறு பெரும்பாலும் ஒயர்களை இணைக்கும் கப்ளரில் அல்லது ஒயரில்.

கடைசி வகையில் கியர் சென்சாரே இருக்காது. நியூட்ரல் சுவிட்ச் மட்டும் இருக்கும். என்ஜின் சுற்றும் வேகத்தையும் வண்டி ஓடும் வேகத்தையும் ஒப்பிட்டு, ‘இந்த விகிதம் என்றால் இந்தக் கியர்’ என்று மின்னணுப் பெட்டி கணக்குப் போட்டுச் சொல்லும். கடைகளில் தனியாக வாங்கி மாட்டும் கியர் இண்டிகேட்டர்களிலும் இந்த வகை உண்டு. இந்த வண்டிக்காரர்கள் கோளாறு என்று கொண்டுவருவதில் பல, கோளாறே அல்ல. கிளட்ச் பிடித்தால் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது, எண் மறைவது இயல்பு. சிக்னலில் நின்றால் கணக்குப் போட வேகமே இல்லை, கோடு வருவதும் இயல்பு.

இந்த வகையில் எண் உண்மையாகவே தவறினால் வேகம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். முன் சக்கரத்திலிருந்து என்றால், 15 பல் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றி 14 பல் போட்ட அன்றிலிருந்து கணக்கு நகர்ந்துவிடும். வண்டி பழைய விகிதத்தையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். ஸ்ப்ராக்கெட்டுக்கு முன்னால், கியர்பாக்ஸின் வெளியேறும் ஷாஃப்ட்டிலிருந்து எடுத்தால் கியர் எண் மாறாது, ஆனால் வேகம் காட்டுவது தவறிப்போகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேல் கியரில் முழுத் திராட்டில் கொடுக்கும்போது மட்டும் எண் தடுமாறினால் மீட்டரை விட்டுவிட்டு கிளட்ச்சைச் சோதியுங்கள். தேய்ந்த கிளட்ச் வழுக்கும்போது என்ஜின் வேகம் மட்டும் எகிறும், விகிதம் கெடும். இப்படி, கியர் எண்தான் சில சமயம் கிளட்ச் தேய்ந்ததை முதலில் சொல்கிறது.

இதே கவனம் கியர்பாக்ஸுக்கும் வேண்டும். ஓடும்போது எண் மறைந்து, அதே நொடியில் என்ஜினும் பாரமில்லாமல் அலறினால் மீட்டர் பொய் சொல்லவில்லை. கியர் உண்மையிலேயே விடுபட்டிருக்கிறது. ஃபோர்க் வளைந்திருக்கலாம், பல்சக்கரத்தின் முளைகள் மழுங்கியிருக்கலாம், டிரம்மைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அந்த வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். சென்சார் வேலை அல்ல, என்ஜினைத் திறக்கும் வேலை அது.

எண் தவறினால் என்ன, நம் காலுக்குத் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. கியர் எண்ணை மட்டும் நினைத்தால் அது நியாயமான கேள்வி. ஆனால் பல வண்டிகளில் நியூட்ரல் விளக்கும் கியர் எண்ணும் ஒரே சென்சாரிலிருந்து வருகின்றன. அந்தச் சென்சார் சொல்வதை நம்பித்தான் வண்டி ஸ்டார்ட் ஆகலாமா என்பதும், சைடு ஸ்டாண்டு போட்டிருக்கும்போது என்ஜின் ஓடலாமா என்பதும் முடிவாகின்றன. முதல் கியரில் நிற்கும் வண்டி தன்னை நியூட்ரல் என்று நினைத்துக்கொண்டால், பட்டனைத் தொட்டதும் முன்னால் பாயும். வீட்டு வாசலில் குழந்தை நிற்கலாம், சுவர் இருக்கலாம். ஆகவே கோளாறு தெரிந்த நாளிலிருந்து சரிசெய்யும் நாள் வரை, பச்சை விளக்கு எரிந்தாலும் கிளட்ச்சையும் முன் பிரேக்கையும் பிடித்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். வீட்டில் வேறு யாராவது அதே வண்டியை எடுப்பார்கள் என்றால் அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

என்ஜினின் நடத்தையும் இதில் சேர்ந்திருக்கிறது. சுசுகியின் ஹயபூசா, ஜிஎஸ்எக்ஸ்-ஆர் போன்ற வண்டிகளில் கீழ்க் கியர்களில் இக்னிஷன் டைமிங்கைச் சற்றுப் பின்னுக்கு வைப்பார்கள், ஈசியூ அதற்கு இந்தச் சென்சாரைத்தான் கேட்கும். அதை ஏமாற்ற ஒரு மின்தடையை இடையில் செருகி எப்போதும் ஐந்தாம் கியர் என்று நம்பவைக்கும் வேலை அந்த வண்டிக்காரர்களிடையே வெகுகாலம் நடந்தது. சென்சார் கெட்டால் அதே ஏமாற்று நம்மைக் கேட்காமலேயே நடக்கும். அதனால்தான் அந்த வண்டிகளில் சென்சார் சிக்னல் தவறினால் சி31 என்று தனிக் கோளாறு எண்ணே உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபின் நம் ஊர் வண்டிகளிலும் என்ஜின் எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. கியர் எண் தவறும்போது அந்த விளக்கும் சேர்ந்து எரிந்தால், ஸ்கேனர் மாட்டி என்ன எண் பதிவாகியிருக்கிறது என்று கேட்ட பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும்.

இனி சோதனை. செலவில்லாததிலிருந்து தொடங்குவோம்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் அல்லது பேடக் ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் போடுங்கள். பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே கியர்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். சக்கரத்தை ஆட்டாவிட்டால் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் கியர் பாதியில் நிற்கும். அப்போது வரும் கோட்டைக் கோளாறு என்று எழுதிவிடுவோம். ஒவ்வொரு கியரிலும் மீட்டர் என்ன சொல்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். ஏற்றும்போது ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை. ஏறும்போது சரியாகவும் இறங்கும்போது தவறாகவும் வந்தால் தொடும் முனை தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். கணக்குப் போடும் வகைக்கு மட்டும் இந்தச் சோதனை உதவாது.

பிறகு, எந்தக் கியரில் எண் தடுமாறுகிறதோ அதிலேயே வைத்துக்கொண்டு ஹேண்டிலை இடது கோடி முதல் வலது கோடி வரை திருப்புங்கள். எண் மாறினால் கோளாறு கீழே இல்லை. ஹேண்டில் கழுத்தில் ஒயர்கள் மடங்கும் இடத்தில் இருக்கிறது. மேலுறை முழுதாக இருக்கும், உள்ளே செம்பு நூல்கள் அறுந்திருக்கும். இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, இப்படித் திருப்பித்தான் பிடிக்க வேண்டும். மழைக்குப் பின் அல்லது கழுவிய மறுநாள் மட்டும் வரும் கோளாறு கப்ளரைக் காட்டுகிறது. பள்ளம் மேட்டில் மட்டும் வருவது கப்ளருக்குள் தளர்ந்த பின்னைக் காட்டுகிறது. ஸ்டார்ட் செய்யும் நொடியில் மட்டும் மீட்டர் முழுக்கவே அணைந்து திரும்பினால் பேட்டரி. நிற்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டும் பேட்டரியை முதலில் சார்ஜ் செய்துவிட்டு, பிறகு மற்றதைப் பேசலாம்.

சென்சாரிலிருந்து வரும் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் டேங்குக்கு அடியிலோ சைடு கவருக்குள்ளோ ஒரு கப்ளரில் போய் முடியும். ஒயரை இழுக்காமல், பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். உள்ளே பின்களில் பச்சையாகப் பூத்திருந்தால் அதுதான் நீங்கள் தேடிவந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, பின்கள் பின்னுக்குத் தள்ளப்படவில்லையே என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, மின்கப்ளருக்கென்று விற்கும் கிரீஸைச் சிறிதளவு தடவி மூடுங்கள். செயின் ஆயிலையோ கையில் கிடைத்த கிரீஸையோ தடவ வேண்டாம். அந்த வழியிலேயே எலி கடித்த இடம் இருக்கிறதா, ஹாரன், அலாரம், மொபைல் சார்ஜர் என்று பின்னால் சேர்த்தவற்றுக்காக யாராவது ஒயரை உரித்து டேப் சுற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். டேப் சுற்றிய இணைப்புகளை நான் நம்புவதே இல்லை. வெயிலில் பசை இளகி, மழையில் தண்ணீர் உள்ளே போக, கோளாறு வந்து போய்க்கொண்டே இருக்கும். வந்து போகும் கோளாறைப் போல ஆளைக் களைக்க வைப்பது வேறில்லை.

அடுத்து மல்டிமீட்டர். விலை குறைந்தது போதும். ஒவ்வொரு கியருக்கும் ஓர் ஒயர் உள்ள வகையில், கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கத்து ஒயருக்கும் என்ஜின் உடம்புக்கும் நடுவே தொடர்ச்சி பாருங்கள். அந்தக் கியரில் இருக்கும்போது மட்டும் பீப் ஒலி வர வேண்டும். வேறு கியரிலும் வந்தால் தகடுகளுக்கு நடுவே தேய்மானத் தூள் பாலம் போட்டிருக்கிறது. ஒற்றைச் சிக்னல் வகையில் கப்ளரை மாட்டிய நிலையிலேயே, பின்பக்கமாகச் சிக்னல் ஒயரைத் தொட்டு, ஒவ்வொரு கியரிலும் வோல்டேஜைக் குறியுங்கள். கியருக்குக் கியர் ஒரே திசையில், ஒழுங்காக மாற வேண்டும், மாறிய இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். எவ்வளவு வர வேண்டும் என்ற சரியான அளவு வண்டிக்கு வண்டி வேறு. அதை அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில்தான் பார்க்க வேண்டும். ஆனால் அளவு தெரியாவிட்டாலும் ஒழுங்கு தெரியும். மூன்றிலும் நான்கிலும் ஒரே வோல்டேஜ் என்றாலோ, லிவரை லேசாகத் தட்டினாலே எண்கள் நடுங்கினாலோ, குற்றவாளி சென்சார்தான். சென்சார் அருகே ஒழுங்காக இருக்கும் அளவு ஈசியூ அல்லது மீட்டர் பக்கத்துக் கப்ளரில் கெட்டிருந்தால் நடுவில் ஒயர்.

ஓர் எச்சரிக்கை. ஈசியூவுக்குப் போகும் சிக்னல் ஒயரில் டெஸ்ட் லாம்ப்பை வைக்கவோ, பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கவோ கூடாது. பழைய வண்டிகளில் பழகிய கை அதைத்தான் முதலில் செய்யப் போகும். அந்த ஒயர்கள் பெரும்பாலும் 5 வோல்ட்டுக்கு ஆனவை. ஒரு நொடியில் ஈசியூ போய்விட்டால், மீட்டர் செலவே சிறிது என்று ஆகிவிடும்.

சென்சார்தான் என்று உறுதியானால் மட்டும் கழற்றுங்கள். கழற்றும் முன் ஸ்ப்ராக்கெட் மூடியைத் திறந்து, அந்தக் கறுப்புக் களியை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு முழுக்கத் துடைத்து எடுங்கள். இல்லையென்றால் சென்சார் வெளியே வந்ததும் மண் என்ஜினுக்குள் போகும். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். சைடு ஸ்டாண்டில் வைத்துக் கழற்றாதீர்கள், இடது பக்கம் சாய்ந்த வண்டியில் அந்த ஓட்டை வழியே என்ஜின் ஆயில் வழியலாம். ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, கீழே ஒரு தட்டு வையுங்கள்.

பெரும்பாலும் இரண்டு சின்ன ஸ்க்ரூ. அவை வந்ததும் சென்சாரை வேகமாகப் பிடுங்காமல், உள்ளங்கையை அடியில் வைத்து மெதுவாக இழுங்கள். தொடும் முனை உள்ள வகைகள் பலவற்றில் டிரம்மின் நுனியிலிருந்து ஒரு சின்ன உலோக முளையும், அதன் பின்னால் பால்பாயிண்ட் பேனாவில் இருப்பதைப் போன்ற, அதைவிடச் சிறிய ஸ்பிரிங்கும் வெளியே துள்ளும். தரையில் விழுந்தால் கிடைப்பது கஷ்டம். அந்த முளையின் தலை உருண்டையாக இருக்க வேண்டும். தட்டையாகத் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஸ்பிரிங்கை விரலால் அழுத்தினால் உடனே மீள வேண்டும். சென்சாரின் முகத்தில் வட்டமாகப் பதித்த செம்புத் தகடுகளைப் பாருங்கள். ஓர் உலோகச் சாம்பல் நிறப் படலம் அவற்றைச் சுற்றிப் பரவியிருக்கும். கான்டாக்ட் கிளீனரில் நனைத்த துணியால் அதைத் துடைத்தாலே தகடு பளபளக்கும். மிகப் பல சென்சார்களுக்கு இவ்வளவுதான் வைத்தியம். உப்புத் தாளால் சுரண்டாதீர்கள். தகடு பள்ளமானால் முளை அதில் சிக்கி, சென்சார் உண்மையாகவே வீணாகும்.

திரும்ப மாட்டும்போது சுற்றியுள்ள ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடுங்கள், செலவு மிகக் குறைவு. சில சென்சார்களில் தட்டையான நாக்கு ஒன்று டிரம்மின் பிளவுக்குள் உட்கார வேண்டும். அது உட்காராமலேயே ஸ்க்ரூவை இறுக்கினால் நாக்கு உடையும். கையால் அழுத்தும்போதே சென்சார் சமமாகப் படிந்திருக்க வேண்டும். ஸ்க்ரூ மிகச் சிறியது, உடம்பு அலுமினியம். பெரிய டி-ஸ்பேனரை எடுக்காமல் சிறிய கருவியால் நிதானமாக இறுக்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எண் தவறி, மீட்டரின் கப்ளர் வரை சிக்னல் ஒழுங்காக வந்து சேர்வது மல்டிமீட்டரில் தெரிந்தால், அப்போது மீட்டரைச் சொல்லலாம். ஒற்றைச் சிக்னல் வகையில் பல வண்டிகளில் கியர் செய்தி ஈசியூ வழியாகவே மீட்டருக்குப் போகிறது; அப்படியென்றால் ஸ்கேனரில் ஈசியூ என்ன கியர் படிக்கிறது என்று பாருங்கள். அங்கே சரியாகவும் திரையில் தவறாகவும் இருந்தால்தான் மீட்டர். ஒர்க்‌ஷாப்பில் மீட்டரை மாற்றச் சொன்னால், கியருக்குக் கியர் எடுத்த அளவுகளை எழுதிக் கேளுங்கள். சோதித்தவரிடம் அந்தத் தாள் இருக்கும், கொடுப்பதில் அவருக்குத் தயக்கம் இருக்காது.

சரிசெய்த பின் எல்லாக் கியரிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியை இரவு நிறுத்தி வையுங்கள். காலையில் எடுக்கும் முன் ஸ்ப்ராக்கெட் மூடிக்கு அடியில் ஆயில் கசிந்திருக்கிறதா என்று பார்த்து, ஆயில் அளவையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கசிந்திருந்தால் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. அதே இரண்டு ஸ்க்ரூவை மறுபடி கழற்ற வேண்டியதுதான்.